கோத்தகிரியில் ஒரு மேக்ரோ லென்ஸும் நிறைய ஈரமும்

அக்டோபர் 24, வெள்ளி – மேட்டுப்பாளையம் முதல் கோத்தகிரி வரை

மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் ஊட்டி வண்டிக்கு ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். தீபாவளி முடிந்த கையோடு கிளம்பிய கூட்டம். பக்கத்திலேயே நின்ற கோத்தகிரி வண்டியில் பாதி சீட் காலி. ஜன்னலோரம் உட்கார்ந்து, மடியில் கேமரா பையை வைத்துக்கொண்டேன்.

ஊட்டியை விட்டுவிட்டு இந்தப் பக்கம் வந்ததற்குக் காரணம் மழை. தென்மேற்குப் பருவமழையைத் தொட்டபெட்டா மறித்துவிடுவதால், கோத்தகிரிக்கு ஐப்பசி, கார்த்திகையில்தான் நல்ல மழை. பாசி, காளான், நத்தை, தவளை எல்லாம் அப்போதுதான் வெளியே வரும். ஊருக்குப் போகிறவர்கள் வெயில் அடிக்குமா என்று பார்ப்பார்கள். மேக்ரோ லென்ஸ், அதாவது சின்னப் பொருளைக் கிட்டப் போய்ப் பெரிதாக எடுக்கும் லென்ஸ், வைத்திருப்பவன் தூறல் விழுமா என்று பார்ப்பான். விருதுநகர்க்காரனான எனக்குத் தூறல் என்பதே வேடிக்கை பார்க்கவேண்டிய விஷயம், அது வேறு கதை.

குஞ்சப்பனை செக்போஸ்ட்டில் ஒரு அம்மா ஏறி, சீட் சீட்டாகப் பார்த்துத் தண்ணீர் பாட்டில்களை வாங்கிக்கொண்டார். நீலகிரி முழுக்க ஒருமுறை உபயோகிக்கும் பிளாஸ்டிக்குக்குத் தடை. கெடுபிடி இல்லை, "குடிச்சிட்டுக் குடுங்க, நிக்கறேன்" என்று நின்று வாங்கினார். என் பையைத் திறந்தால் ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவர்களாக இருந்தன. "இதெல்லாம் என்னங்க சார்?" கேமராவுக்குப் பனி பிடிக்காமல் இருக்க என்றேன். ஒன்றை எடுத்து, உள்ளே இருந்த லென்ஸைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "திரும்பிப் போறப்ப எல்லாத்தையும் எண்ணி எடுத்துட்டுப் போயிடுங்க" என்று சொல்லிக் கொடுத்துவிட்டார்.

அந்த லென்ஸைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 90 எம்எம் மேக்ரோ. சென்னையில் இருக்கும் ஒரு நண்பரிடம் பதினான்காயிரத்துக்கு வாங்கிய செகண்ட் ஹேண்ட். குழலில் 1:1 என்று போட்டிருக்கும். பொருள் என்ன அளவோ அதே அளவில் கேமராவின் சென்சார் மேல் விழும் என்று அர்த்தம். என் கேமராவின் சென்சார் சுமார் 23.5 மில்லிமீட்டர் அகலம், 15.6 உயரம். ஆக ஒரு பெரிய கட்டெறும்பு படத்தின் பாதி அகலத்தை அடைத்துவிடும். சில ஜூம் லென்ஸ்களிலும் 'மேக்ரோ' என்று எழுதியிருப்பார்கள். பெரும்பாலும் 1:3, 1:4தான் வரும். பூவுக்குப் போதும், எறும்புக்குப் போதாது.

கோத்தகிரியில் இறங்கும்போது சாயங்காலம் நாலரை. சட்டைக்குள் குளிர் இறங்கியது. ரூம் 900 ரூபாய், வெந்நீர் காலை ஆறிலிருந்து எட்டு வரை. மரப் பீரோவைத் திறந்தால் ஈரச் சாக்கு வாடை. மேனேஜர் ரொம்ப அக்கறையாக, "கேமராவ உள்ள வச்சுப் பூட்டிக்குங்க சார், விலை ஜாஸ்தியான சாமான்" என்றார். பீரோவின் பின்பலகையில் வெள்ளையாகப் பூத்திருந்தது. பையை நாற்காலி மேலேயே வைத்துக்கொண்டேன்.

கடைவீதியில் ஒரு பேக்கரி. விறகு அடுப்பு, உள்ளே வர்க்கி வெந்துகொண்டிருந்தது. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய ஊட்டி வர்க்கியை இந்த மலை முழுக்கப் போடுகிறார்கள். கேமராவைக் கழுத்தில் தொங்கவிட்டபடி குளிரிலிருந்து அந்த அனலுக்குள் நுழைந்ததும் லென்ஸ் கண்ணாடி முழுக்க வெளுத்துப் போனது. வெளியே குளிர்ந்து கிடந்த கண்ணாடி மேல் உள்ளே இருக்கும் வெதுவெதுப்பான ஈரக்காற்று பட்டால் அதுதான் நடக்கும். மாஸ்டர் தோளில் கிடந்த துண்டை உருவி, "குடுங்க, தொடச்சுத் தர்றேன்" என்று கை நீட்டினார். மைதாவும் டால்டாவும் ஊறிய துண்டு. நான் பின்வாங்கிய வேகத்தில் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. கால் மணி நேரம் போனதும் பனி தானாக விலகியது. அதற்குள் கால் கிலோ வர்க்கியும் (60 ரூபாய்) இரண்டு டீயும் உள்ளே போயிருந்தன. வர்க்கியை டீயில் நனைத்துத்தான் சாப்பிட வேண்டும் என்று பக்கத்தில் இருந்த பெரியவர் செய்தே காட்டினார்.

அக்டோபர் 25, சனி – லாங்வுட் சோலை

டவுனிலிருந்து மூன்று கிலோமீட்டர்கூட இருக்காது. சுற்றிலும் தேயிலையும் வீடுகளும் நெருக்க, நடுவில் 116 ஹெக்டேருக்கு ஒரு பழைய சோலைக்காடு. வனத்துறையில் அனுமதி வாங்கி, வாட்சர் ஒருவரைக் கூட்டிக்கொண்டுதான் போக வேண்டும். வந்தவர் ஐம்பது வயதுக்காரர், ரப்பர் பூட்ஸ், கையில் ஒரு குச்சி. என் ஷூவைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் சட்டைப் பையிலிருந்து மூக்குப்பொடி மட்டையை எடுத்து, தண்ணீரில் குழைத்து, என் சாக்ஸைச் சுற்றித் தடவினார். அட்டைக்கு.

உள்ளே போனதும் வெளிச்சம் பொசுக்கென்று குறைந்தது. காலை பத்து மணிக்குச் சாயங்காலம் ஆறு மணி வெளிச்சம். மேக்ரோவில் இந்தக் கஷ்டம் இரட்டிப்பு. கிட்டப் போகப் போக லென்ஸின் கண்ணாடிகள் சென்சாரை விட்டு முன்னால் நகர்கின்றன. வரும் வெளிச்சம் பரந்து விழுகிறது. எஃப் என்பது லென்ஸ் துவாரத்தின் அளவைச் சொல்லும் எண், எண் கூடக் கூடத் துவாரம் சிறிது. 1:1-க்கு வந்ததும் எஃப் 2.8 என்பது நடைமுறையில் எஃப் 5.6 ஆகிவிடும், அதாவது வெளிச்சம் நாலில் ஒரு பங்கு. அதோடு, பொருள் துல்லியமாகத் தெரியும் ஆழமும் குறைவு. எஃப் 11-ல் வைத்தால்கூட ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவுதான் கூர்மையாக வரும். அதற்கும் மேலே எஃப் 22 என்று மூடிக்கொண்டே போனால் ஒளி விளிம்பில் வளைந்து மொத்தப் படமும் மழுங்கிவிடும். ஆகவே எஃப் 11, ஃபிளாஷ், ஃபிளாஷுக்கு முன்னால் டிவி பெட்டிக்குள் வரும் வெள்ளை ஃபோம் தாளை வளைத்து ரப்பர் பேண்ட். கடையில் டிஃப்யூசர் (ஃபிளாஷ் வெளிச்சத்தை மென்மையாக்கும் மூடி) என்று கேட்டால் ஆயிரத்து எண்ணூறு சொல்வார்கள். இந்த ஃபோம் தாள் குப்பையில் கிடைக்கும், வேலையும் அதேதான்.

முதல் ஒரு மணி நேரம் விழுந்து கிடந்த ஒரு மரத்தை விட்டு நான் நகரவில்லை. பட்டை மேல் கல்பாசி, அதன் மேல் பாசி, பாசிக்குள் குண்டூசித் தலையளவு ஆரஞ்சு நிறக் காளான்கள். வாட்சர் பீடி கட்டை எடுத்து, காட்டுக்குள் குடிக்கக் கூடாது என்பது ஞாபகம் வந்து, திரும்ப உள்ளே வைத்தார். இங்கிருந்துதான் கீழே உள்ள ஊர்களுக்குக் குடிதண்ணீர் போகிறது என்றார். பிறகு, "இதுல என்ன சார் தெரியுது?" கேமரா திரையைக் காட்டினேன். பாசியின் தண்டுகள் ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு சின்னக் கூடு, கூட்டுக்கு ஒரு மூடி, சிலதில் மூடி கழன்று வாய் திறந்திருந்தது. மனிதர் இருபத்தைந்து வருஷமாக இந்தப் பாசி மேல் நடந்தவர். திரையை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் தரவில்லை.

அதற்குப் பிறகு அவர்தான் கண்டுபிடித்துத் தந்தார். 'டிக்... டிக்' என்று ஒரு சத்தம் வந்துகொண்டே இருந்தது. "சத்தந்தான் வரும், ஆளு தெரியாது" என்றவர், ஒரு செடியின் நாலாவது இலையைக் குச்சியால் தொடாமல் காட்டினார். புதர்த்தவளை. முழு வளர்ச்சியே இரண்டு சென்டிமீட்டர் இருக்கும். ஆளே என் படச் சட்டத்துக்குச் சரியாக இருந்தது. இந்தச் சாதித் தவளைகளுக்குத் தலைப்பிரட்டைப் பருவம் கிடையாது. முட்டைக்குள்ளேயே வளர்ந்து, கால் கையோடு குட்டித் தவளையாக வெளியே வந்துவிடும். குளம் குட்டை எதுவும் வேண்டாம், ஈரம் மட்டும் குறையக் கூடாது.

ஆட்டோஃபோகஸ் இங்கே உதவாது. மோட்டார் முன்னும் பின்னும் ஓடி ஓடித் தேடும், தவளை அதற்குள் கிளம்பிவிடும். வளையத்தை 1:1-ல் வைத்துவிட்டு, முழங்காலில் நின்று, உடம்பை அரிசி அரிசியாக முன்னால் சாய்க்க வேண்டும். கண்ணில் கூர்மை வரும் அந்த நொடியில் மூச்சை நிறுத்தி அழுத்த வேண்டும். லென்ஸ் முனைக்கும் தவளைக்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை. கண் சரியாக வந்தால் மூக்கு மங்கும், மூக்கு வந்தால் கண் மங்கும். கண்ணை வைத்துக்கொண்டேன்: பொன் நிறத் தகட்டில் கறுப்பு நரம்புகள் ஓடி, நடுவே படுக்கைவாட்டில் ஒரு கருமணி. ஃபிளாஷ் போட்டுச் சில படங்களோடு நிறுத்தினேன். சில பேர் தவளையைக் கையில் பிடித்து இலையில் 'உட்கார வைத்து' எடுக்கிறார்கள். கையில் கொசு மருந்து தடவியிருந்தால் அதன் தோலுக்கு என்ன ஆகும் என்று யோசிப்பதில்லை. எனக்கு அந்தப் படங்களைப் பார்த்தாலே தெரிந்துவிடும். தவளை உட்காரும் அழகு அது இல்லை.

அடுத்து ஒரு நத்தைக்காகக் குப்புறப் படுத்திருந்தேன். "சார், அசையாதீங்க." வாட்சரின் குரல் மாறியிருந்தது. தலையைத் திருப்பினால், முப்பது அடி தள்ளிப் புதருக்கு நடுவே ஒரு காட்டெருமை. முழங்கால் வரை வெள்ளை சாக்ஸ் போட்ட கால்கள்தான் முதலில் தெரிந்தன. 90 எம்எம் லென்ஸ் தூரத்தில் இருப்பதையும் நன்றாகவே எடுக்கும். கைதான் எழவில்லை. அது எங்களைப் பார்த்து மூக்கால் ஒரு சீறல் விட்டு, அவசரமே இல்லாமல் மேலே ஏறிப் போனது. வாட்சர் அப்புறம்தான் மூச்சு விட்டார், "ஒத்தை மாடு. கூட்டம்னா பயமில்ல" என்று.

வெளியே வந்து பேன்ட்டைத் தூக்கினால் அட்டைகள். மூக்குப்பொடி சாக்ஸ் வரைக்கும்தான் காவல். குப்புறப் படுப்பவனுக்கு வயிறும் இருக்கிறது. கடித்த இடம் வலிக்கவே இல்லை, ரத்தம் மட்டும் நிற்கவில்லை. ரத்தம் உறையாமல் இருக்க அது உமிழ்நீரோடு ஒரு பொருளைச் சேர்த்து விடுகிறது. சட்டையில் இருந்த கறையைப் பார்த்து மதியம் மெஸ்ஸில் பரிமாறிய பையன், "அட்டையாங்ணா?" என்று கேட்டுவிட்டு இரண்டாவது முறை ரசம் ஊற்றினான். சாப்பாடு 110. பீன்ஸ் பொரியல் இந்த மலையில் சாப்பிட்டால்தான் பீன்ஸ்.

அக்டோபர் 26, ஞாயிறு – கோடநாடு

காட்சி முனையிலிருந்து மாயாறு, ரங்கசாமி மலை, பவானிசாகர் நீர்த்தேக்கம் வரை தெரியும் என்று பலகை சொன்னது. எங்களுக்குத் தெரிந்தது பலகை மட்டும். கம்பிக்கு அந்தப் பக்கம் முழுக்க வெள்ளை. திருப்பூரிலிருந்து வேன் பிடித்து வந்த ஒரு குடும்பம் அந்த வெள்ளையை முதுகுக்குப் பின்னால் வைத்து செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தது. சுட்ட மக்காச்சோளம் 40 ரூபாய், மிளகாய்த்தூளும் எலுமிச்சையும் தேய்த்து. "மேகம் பத்து நிமிஷத்துல போயிரும்" என்று சோளக்காரம்மா ஒவ்வொரு வேனுக்கும் சொன்னார். போகவில்லை.

நான் கம்பி வேலியில் இருந்த சிலந்தி வலையில் மூழ்கியிருந்தேன். நூல் நூலாகப் பனித்துளி. கிட்டப் போனால் ஒவ்வொரு துளியும் ஒரு லென்ஸ், பின்னால் இருப்பதைத் தலைகீழாகக் காட்டும். அந்தத் திருப்பூர் வீட்டுப் பையன் என்னைக் கவனித்துக்கொண்டே இருந்தான். வ்யூஃபைண்டரில் பார்க்கச் சொன்னேன். "அம்மா! நம்ம வேன் குட்டியா கவுந்து கெடக்குது!" அவ்வளவுதான், அப்பா, அத்தை, டிரைவர் என்று வரிசை கட்டிவிட்டார்கள். அத்தையின் மூச்சுக் காற்றிலேயே வலை ஆடியது.

அக்டோபர் 27, திங்கள் – ஒரு தேயிலைத் தோட்டம்

இந்த நாளைத்தான் எழுத வேண்டும் என்று நினைத்தே மற்றதையெல்லாம் எழுதத் தொடங்கினேன்.

காலையில் மழை விட்டிருந்தது. ரோட்டிலிருந்து இறங்கும் ஒரு ஒற்றையடிப் பாதையில், தேயிலைச் செடிகளின் விளிம்பில் தாவும் சிலந்தி தேடிப் போனேன். இலை பறித்துக்கொண்டிருந்த அம்மாவுக்கு அறுபது வயது இருக்கும். படுகர் வீட்டுப் பெண்கள் உடுத்தும் வெள்ளை முண்டு, தலையில் வெள்ளைத் துணி. "தம்பி, அங்க என்ன தேடறீங்க? பாம்பா?" சிலந்தி என்றேன். சிரித்துக்கொண்டு, "சிலந்தியெல்லாம் அப்புறம் எடுங்க. இதை எடுக்க முடியுமா உங்க மெஷின்ல?" என்று ஒரு கொழுந்தைக் கிள்ளி நீட்டினார்.

இளம் இலையில் வட்டமாக ஒரு குழி, நெய் தடவியது போல மினுமினுப்பு. திருப்பினால் அதே இடத்தில் அடிப்பக்கம் உப்பி, வெள்ளை மாவு பூசியிருந்தது. கொப்புள நோய். தேயிலையின் இளம் இலையையும் தண்டையும் மட்டுமே பிடிக்கும் ஒரு பூஞ்சை. தென்னிந்தியாவுக்குள் 1946-ல் வந்தது, அதற்குப் பிறகு போகவே இல்லை. இலை நனைந்தே இருந்து, மேகம் மூடி, வெயில் இல்லாமல் இருந்தால் அதற்குக் கொண்டாட்டம். நான் எந்த வானிலையைத் தேடி விருதுநகரிலிருந்து பஸ் ஏறி வந்தேனோ, சரியாக அதேதான்.

கொப்புளம் ஆறு மில்லிமீட்டர் இருக்கும். 1:1-ல் என் சட்டத்தில் கால்வாசி அகலம். ஒரு பாறை மேல் இலையைக் கவிழ்த்து வைத்து, ஃபிளாஷைப் பக்கவாட்டில் தாழ்த்தி அடித்தேன். நேராக அடித்தால் வெள்ளை வெள்ளையாகவே போய்விடும். பக்கவாட்டில் அடித்தால்தான் மேடு பள்ளம் தெரியும். மேடு உருண்டை என்பதால் ஒரே படத்தில் உச்சியும் விளிம்பும் கூர்மையாக வராது. கேமராவைக் கல் மேல் ஊன்றி, ஃபோகஸ் வளையத்தை மயிரிழை மயிரிழையாகத் திருப்பி அடுக்கடுக்காக எடுத்தேன். பிறகு கம்ப்யூட்டரில் கூர்மையான பகுதிகளை மட்டும் சேர்த்து ஒரே படமாக்கலாம். திரையில் பெரிதாக்கியபோது மாவு மாவாக இல்லை. வெல்வெட் துணியின் நுண்ணிய மயிர்ப்பரப்பு. அதிலிருந்துதான் வித்துகள் காற்றில் பறந்து பக்கத்துச் செடிக்குப் போகின்றன.

அம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். "இதுவா? வெள்ளையா தூசி மாதிரி இருக்கும், தட்டினா போயிரும்னு நெனச்சோம். இது வேர் விட்டிருக்கே." பிறகு அவரே வேறு இலைகளைக் கொண்டு வந்து தந்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் மட்டும் தெரியும் எண்ணெய்ப் பொட்டு ஒன்று, அதுதான் ஆரம்பம். பிறகு குழி, பிறகு வெள்ளை, கடைசியில் கருகி ஓட்டை. வரிசையாகப் பாறை மேல் அடுக்கினார். பாடம் எடுக்கிறாரா, பாடம் கேட்கிறாரா என்று எனக்குப் புரியவில்லை. வெள்ளை வந்த பிறகு காப்பர் மருந்து அடித்துப் பிரயோஜனம் இல்லை, பொட்டு தெரிவதற்கு முன்னாலேயே அடிக்க வேண்டும், வாரம் ஒரு முறை, மழையில் கழுவிக்கொண்டு போனால் மறுபடி. மருந்துக் கூலி, ஆள் கூலி எல்லாம் போக, பச்சை இலை கிலோ பதினெட்டோ பத்தொன்பதோ கிடைக்கிறது. கொப்புள இலை கலந்திருந்தால் அதிலும் பிடித்தம். இதையெல்லாம் அவர் புலம்பலாகச் சொல்லவில்லை, விலைப்பட்டியல் வாசிப்பது மாதிரி சொன்னார்.

பதினொன்றரைக்கு மறுபடி தூறல். "வீட்டுக்கு வாங்க, நனையாதீங்க." ஹட்டியில், அதாவது படுகர் ஊரில், வரிசை வீடுகள், ஓட்டுக்குக் கீழே திண்ணை. வந்தவுடன் காபி. அதைக் குடித்து முடிப்பதற்குள் ராகிக் களியும், அவரையும் உருளைக்கிழங்கும் போட்ட குழம்பும் வந்துவிட்டன. வேண்டாம் என்று சொல்ல இடமே வைக்கவில்லை. சமையலறையில் ஆவி பறந்தது, கேமரா ஜிப் கவருக்குள் திண்ணையிலேயே இருந்தது. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மகன் வந்தார். நாற்பதை ஒட்டிய வயது, குன்னூரில் வேலை. வீட்டில் விருந்தாளியாக வந்திருந்த ஒரு பாட்டியின் முன்னால் போய்த் தலையைக் குனிந்தார். பாட்டி வெற்றிலை மெல்லுவதை நிறுத்தாமல் தலையில் கை வைத்து ஏதோ முணுமுணுத்துவிட்டு எடுத்தார். அப்புறம்தான் கழற்றிய ஹெல்மெட்டை வைக்க இடம் தேடினார்.

அவர் படத்தைப் பார்த்துவிட்டு, நம்பர் கொடுத்தார். "சார், அந்த வெள்ளை, அப்புறம் அந்தப் பொட்டு, ரெண்டும் வேணும். மறக்காதீங்க."

சிலந்தி கடைசி வரை கிடைக்கவில்லை.

அக்டோபர் 28, செவ்வாய் – மழை

விடிந்ததிலிருந்து மழை. கரண்ட் வந்து வந்து போனது. 250 ரூபாய்க்கு வாங்கிய சின்ன ஈரமானி ரூமுக்குள் 89 சதவீதம் காட்டியது. லென்ஸுக்கு 40-லிருந்து 50 நல்லது. 60-ஐத் தாண்டி நாள்கணக்கில் இருந்தால் பூஞ்சை கிளம்பும். ஆகவே இன்று முழுக்கப் பராமரிப்பு.

இந்த லென்ஸ் கிட்டப் போகும்போது குழல் முன்னால் நீளும் வகை. நீண்ட குழல் மேல் தூறல் பட்டிருந்தால், மடக்குவதற்கு முன் துடைத்துவிட வேண்டும். மடங்கும்போது காற்றோடு தண்ணீரையும் தூசியையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். கண்ணாடிக்கு முதலில் ரப்பர் ஊதுகுழல். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். அதற்குப் பிறகு மெல்லிய பிரஷ். மணல் துகள் ஏதாவது ஒட்டியிருக்கும்போது துணியை வைத்துத் தேய்த்தால் மேல்பூச்சில் கோடு விழும். அவ்வளவுக்கும் போகாத கறை இருந்தால்தான் திரவம், அதுவும் டிஷ்யூவில் இரண்டு சொட்டு, கண்ணாடி மேல் நேராக விடக் கூடாது; விளிம்பு வழியாக உள்ளே இறங்கிவிடும். நடுவிலிருந்து வெளிப்பக்கமாகச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். பின்பக்கத்துக் காண்டாக்ட்டுகளுக்கு உலர்ந்த துணி போதும். வேட்டி நுனி, கைக்குட்டை இதெல்லாம் மூக்குக் கண்ணாடிக்கு.

எல்லாம் முடிந்து, வழக்கமாகச் செய்கிற சோதனை: லென்ஸின் பின்பக்கம் எல்.இ.டி. டார்ச்சை அடித்து, முன்பக்கம் சாய்வாகப் பார்ப்பது. உள்ளே தூசிப் பொட்டுகள், அது எந்த லென்ஸிலும் இருக்கும். ஆனால் இரண்டாவது கண்ணாடியின் விளிம்பில் ஒரு மெல்லிய நூல், அதிலிருந்து கிளைத்து இன்னும் இரண்டு. தூசிக்குக் கிளை கிடையாது.

வயிறு ஒரு மாதிரி ஆகிவிட்டது. மழை சத்தம் வேறு. நேற்று பாறை மேல் பார்த்த அதே சங்கதி, கண்ணாடிக்குள். கண்ணாடியில் அதற்கு என்ன சாப்பாடு என்றால், தூசி, எண்ணெய்ப் பிசுக்கு, பசை. சாப்பிட்டுவிட்டு அது விடும் அமிலம்தான் பூச்சை அரிக்கிறது. வெயிலில் வைத்தால் பூஞ்சை சாகலாம், அரித்த பூச்சு திரும்ப வராது. இந்த ஊரில் இன்றைக்கு வெயிலுக்கு எங்கே போவது.

செய்ய முடிந்தது ஒன்றுதான். டப்பாவில் இருந்த சிலிக்கா ஜெல் நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாக மாறியிருந்தது, அதாவது ஈரம் குடித்து நிரம்பிவிட்டது. அதைக் காய வைக்க வேண்டும். குடை பிடித்துக்கொண்டு பேக்கரிக்குப் போனேன். மாஸ்டர், "தட்டுல கொட்டுங்க, வர்க்கியோட வச்சிருவோம்" என்றார். நீலச் சிலிக்காவில் கோபால்ட் உப்பு இருக்கிறது, சாப்பாட்டுத் தட்டில் படக் கூடாது என்று சொல்லி, ஒரு பழைய பிஸ்கட் டின் மூடியைக் கேட்டு வாங்கி அதில் பரப்பினேன். சரக்கு எல்லாம் எடுத்த பிறகு, அடங்கும் அனலில் அடுப்பு வாயருகே வைத்தார். ஒன்றரை மணி நேரத்தில் நீலம். மாஸ்டர் அதைப் பார்க்கக் கடைப் பையன்களைக் கூப்பிட்டார். காசு கேட்டதற்கு, "மழைல எவன் வர்றான், ரெண்டு டீ குடிச்சிட்டுப் போங்க" என்றார்.

அக்டோபர் 29, புதன் – இறக்கம்

காலை 14 டிகிரியில் கட்டிய பை. மேட்டுப்பாளையத்தில் இறங்கும்போது சட்டை முதுகில் ஒட்டியது. பையைத் திறந்தவுடன் ஜிப் கவரின் வெளிப்பக்கம் முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர். உள்ளே லென்ஸ் காய்ந்து கிடந்தது. அதற்காகத்தான் கவர்: பனி பிடிக்க வேண்டுமானால் பிளாஸ்டிக் மேல் பிடிக்கட்டும். கண்ணாடியும் வெளிக்காற்றும் ஒரே சூட்டுக்கு வரும்வரை திறக்கக் கூடாது. பஸ்ஸுக்காகக் காத்திருந்தவர் ஒருவர், "ஐஸ் வச்சு மீன் கொண்டு போறீங்களா?" என்றார்.

பஸ் ஸ்டாண்ட் ஓட்டலில் பரோட்டா சூடாக இருந்தது. சால்னாவைப் பற்றி எழுதாமல் விடுவது மரியாதை.

நவம்பர் 1, சனி – மதுரை

எனக்குத் தெரிந்த கேமரா மெக்கானிக் லென்ஸை வாங்கி, டார்ச் அடித்து, ஒரு தடவைதான் பார்த்தார். "எப்பப் போனீங்க மலைக்கு?" சொன்னேன். "இது நாலு நாள்ல வளர்ற நூல் இல்ல. மாசக்கணக்கு ஆகும். மலைல வந்தது இல்ல சார், அலமாரில வந்தது. முந்தி வச்சிருந்தவர் எதுல வச்சிருந்தார்?"

அங்கிருந்தே சென்னை நண்பருக்கு போன். அவர் பெருமையாகச் சொன்னார்: "ரொம்பப் பத்திரமா வச்சிருந்தேன்ப்பா. ஒரிஜினல் லெதர் பவுச், அதுக்கு மேல துணி சுத்தி, பீரோவுக்குள்ள. ரெண்டு வருஷம் வெளியவே எடுக்கல." தோல் பை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதிலேயே பூஞ்சையும் வளரும், மேலே துணி, இருட்டு, கடற்கரை ஊர்க் காற்று. விற்கும்போது இதையும் ஒரு நல்ல குணமாகத்தான் என்னிடம் சொல்லியிருந்தார். போனில் நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்தது நட்புக்காகவா, மெக்கானிக் எதிரில் இருந்ததாலா தெரியவில்லை.

கழற்றிச் சுத்தம் செய்ய 1,800 ரூபாய். பூச்சு இன்னும் அரிக்கவில்லை, விளிம்போடு நிற்கிறது என்றார். இனிமேல் ரப்பர் வளையம் வைத்த காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்காவோடு வைக்கச் சொன்னார். ஈரப்பதம் முப்பது சதவீதத்துக்குக் கீழேயும் போக வேண்டாம், உள்ளே இருக்கும் கிரீஸ் காயலாம் என்றார். "எல்லாத்தையும் விட, வாரம் ஒரு தடவையாவது எடுத்துப் படம் பிடிங்க. வெளிச்சத்துல இருக்கற லென்ஸுக்கு ஒண்ணும் வராது." லென்ஸ் வியாழக்கிழமை கிடைக்கும்.

அடுக்கடுக்காக எடுத்த கொப்புளப் படங்களை நேற்றே சேர்த்துக் கோத்தகிரி அம்மாவின் மகனுக்கு அனுப்பியிருந்தேன். இன்று காலை பதில் வந்தது. அடுத்த மாதம் சிறு விவசாயிகள் கூட்டம் இருக்கிறதாம், அந்தப் பொட்டுப் படம் பெரிதாக வேண்டுமாம். வெள்ளை வந்த பிறகு எல்லோருக்கும் தெரியும், பொட்டுதான் யாருக்கும் கண்ணில் படுவதில்லை என்று அம்மா சொன்னாராம். மதுரையிலேயே ஏ3 அளவில் பிரிண்ட் போட்டேன், ஒன்று 90 ரூபாய். வெள்ளை ஒன்று, பொட்டு இரண்டு. சுருட்டிக் குழாயில் போட்டு கூரியர் அனுப்பும்போது, என் சந்தோஷத்துக்கு அந்தப் புதர்த்தவளையையும் ஒன்று சேர்த்து வைத்தேன். போனில் படத்தையும் அனுப்பினேன். நீல டிக் விழுந்துவிட்டது. பொட்டுப் படத்தில் இலை நரம்பு மேலிருந்து கீழாக வருவது மாதிரி திருப்பிப் போட முடியுமா என்று கேட்டு இன்னொரு செய்தி வந்தது. தவளையைப் பற்றி இதுவரை ஒன்றும் இல்லை.